ஈரலில் ஒரு பங்கு

விழுப்புரம்
11.6.2024

அன்புள்ள தங்கை இளவரசிக்கு,

அண்ணன் ஜெகதீசன் எழுதுவது. நீ சொல்லியனுப்பியதை மாப்பிள்ளை அப்படியே சொன்னார். "அண்ணன் போன்ல பேசினா, குடிச்சிருக்காரா இல்லையான்னுதான் என் காது பாத்துகினு இருக்குது. இன்னா சொல்றாருன்னே விழ மாட்டேங்குது. எதுவா இருந்தாலும் எழுதச் சொல்லுங்க" என்றாயாம். லாரிக்கு வயரிங் இழுத்த கை இது. எழுத்து கோணலாகத்தான் வரும். அதைப் பார்த்துவிட்டுக் குடித்திருக்கிறேன் என்று நினைக்காதே.

நேற்று புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். டாக்டர் என் மகன் வயதுப் பையன். ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "ஈரல் சுருங்கிப் போச்சுங்க. இனிமே மாத்திரை நாளைத் தள்ளிப் போடும், அவ்வளவுதான். மாத்து ஆபரேஷன் பண்ணணும்." ரத்த சொந்தத்தில் யாராவது ஈரலில் ஒரு துண்டு கொடுத்தால் போதுமாம். கொடுத்தவருக்குத் திரும்ப வளர்ந்துவிடுமாம். ஆனால் எனக்கு ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் ஆறு மாதம் நான் சொட்டுக்கூடத் தொட்டிருக்கக் கூடாது. நடுவில் தொட்டால் முதலிலிருந்து. தை பிறந்ததிலிருந்து நான் தொடவில்லை என்று உனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

இனி சொல்லப்போவதை வேறு யார் வாயிலாவது நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஸ்கேன் கவரைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குத்தான் நடந்தேன். ஸ்டேஷன் பக்கம் வந்ததும் கால் சவுரிராயன் பாருக்குத் திரும்பிவிட்டது.

அதே தகரக் கூரை, அதே ஃபேன். என்கூடக் குடிக்கும் கூட்டாளி விருத்தாசலம் என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "யோவ், நீ செத்துட்டேன்னு சொன்னானுங்கய்யா. நான் மாலை வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சிகினு இருந்தேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சவுரிராயன் அவித்த மல்லாட்டைக் கடலையைத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தான்.

சோடாதான் குடித்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

கலைப்பிரியா பன்னிரண்டாவது நன்றாகப் படிக்கிறாளா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்
ஜெகதீசன்


திண்டிவனம்
15.6.2024

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. நீ சோடா குடித்தாய் என்றே வைத்துக்கொள்கிறேன். நம்ப வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் ஈரலை மாற்றத்தான் வேண்டியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார், அதனால் போன மாதம் நான் புதுச்சேரிக்கு மூன்று முறை போனேன். துணி எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மனசு சரியாக இருக்கிறதா என்று ஒரு அம்மா உட்கார வைத்துப் பேசினார். உனக்கும் எனக்கும் ஒரே ரத்தம். என் ஈரல் உனக்குப் பொருந்துகிறது. கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

உன்னிடம் கேட்டால் வேண்டாம் என்பாய். அவரிடம் கேட்டாலும் வேண்டாம் என்பார். அதனால் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "உங்கண்ணன் பொண்டாட்டியே வேணாம்னு புள்ளையைத் தூக்கிகினு பண்ருட்டிக்குப் போயிட்டாங்க. நீ யாருக்குடி அறுத்துக் குடுக்கப் போற?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து வீட்டில் சாப்பிடுவதில்லை. மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை எடை போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் தின்றுவிட்டு வருகிறார். நான் சோறு வடித்து வைத்து, அதை மறுநாள் மாட்டுக்காரருக்குக் கொடுக்கிறேன்.

டாக்டர் என் வயிற்றில் எங்கே கிழிப்பார்கள் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். விலா எலும்பிலிருந்து நடு வயிறு வரைக்கும் போனது விரல். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த இடத்தில் கையை வைத்தபடியே வந்தேன். எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. பயந்துகொண்டேதான் சரி என்றேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பக்கம் போகாதே. சோடாவுக்கும் போகாதே.

இளவரசி


விழுப்புரம்
19.6.2024

அன்புள்ள இளவரசிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அன்றைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், உன்னிடம் பேசினார்களே அந்த அம்மா, என்னையும் கூப்பிட்டார். "உங்க தங்கச்சி ரிசல்ட் நல்லா வந்திருக்குங்க. தைரியமான பொம்பளை" என்றார். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொன்னார் பாவம். நான் தலையை ஆட்டினேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

இளவரசி, சோடா குடிக்கவில்லை. குடித்தேன்.

ஏன் என்று கேள். ஒரு மகளை வைத்திருக்கிறாய். அவளுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. மாப்பிள்ளை முரட்டு ஆள், ஆனால் நீ இல்லாவிட்டால் வேட்டி எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது. உன்னை மேசையில் படுக்கவைத்து எனக்காகக் கிழிக்க நான் விடுவேனா? வேண்டாம் என்று வாயால் சொன்னால் நீ கேட்க மாட்டாய். நான் குடித்துவிட்டால் அவர்களே என்னைத் தள்ளிவிடுவார்கள். நீ தப்பித்துவிடுவாய். அதை யோசித்துத்தான் பாருக்குப் போனேன். உனக்காகத்தான் கிளாஸை எடுத்தேன்.

அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது அவர்களுக்கே தெரிந்துவிடும். உன் பெயரை நீயே எடுத்துவிடு. இதோடு விடு. என் கதை எப்படியோ போகட்டும்.

அண்ணன்
ஜெகதீசன்


திண்டிவனம்
25.6.2024

அண்ணனுக்கு,

எனக்காகக் குடித்தாயா?

அண்ணி போனபோது அண்ணிக்காகக் குடித்தாய். அம்மா செத்தபோது அம்மாவுக்காகக் குடித்தாய். லாரி ஷெட்டில் வேலை இல்லை என்று குடித்தாய், வேலை அதிகம் என்று குடித்தாய். அந்த வரிசையில் என்னை நிறுத்தாதே. நான் வர மாட்டேன்.

உன் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். கொஞ்சம் நம்பவும் செய்தேன், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சரி, கேட்டுவிடுவோம் என்று நேற்று விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். உன் வீட்டுக்கு வரவில்லை. நேராக சவுரிராயன் பாருக்குப் போனேன்.

நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஒருவர் கிளாஸை மேசைக்குக் கீழே வைத்தார். சவுரிராயன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து, "உள்ள வேணாம்மா. வெளிய சேர் போடறேன்" என்றார். உள்ளேதான் உட்காருவேன் என்றேன். ஜெகதீசன் எங்கே உட்காருவார் என்று கேட்டேன். சுவரோரம் ஃபேனுக்கு நேர் கீழே இருந்ததைக் காட்டினார்கள். உட்கார்ந்தேன்.

"அண்ணே, நான் அவரு தங்கச்சி. அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்க வந்தாரே, இன்னா பண்ணாரு?"

சவுரிராயன் எதிர் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேம்மா. வந்தவுடனே குவார்ட்டர் கேட்டாரு. வேணாம் ஜெகா, உடம்பு சரியில்லையேன்னேன். டாக்டரே பரவால்லன்னுட்டாருன்னு சொன்னாரு. அப்பறம் இன்னொண்ணு வாங்கினாரு."

"அழுதாரா?"

"அழலம்மா. சிரிச்சிகினு இருந்தாரு. பழைய லாரிக் கதையெல்லாம் சொன்னாரு. எங்களுக்கு வயிறு வலிச்சிடுச்சு."

"என்னைப் பத்தி ஏதாவது?"

அவர் விருத்தாசலத்தைப் பார்த்தார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "இல்லம்மா. அவருக்குத் தங்கச்சி இருக்குறதே இன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்" என்றார்.

அண்ணா, அந்த இடம் நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரம். ஏதோ நரகம் என்று நினைத்துக்கொண்டு போனேன். காற்று வந்தது. ரயில் போகும் சத்தம் கேட்டது. அந்த ஆட்கள் மரியாதையாகப் பேசினார்கள். எனக்கே கொஞ்ச நேரம் எழுந்திருக்க மனசு வரவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோது என் வயிற்றுக் கோடு எனக்கு மறந்து போயிருந்தது.

உண்மையை எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

இளவரசி


விழுப்புரம், பெரியாஸ்பத்திரி
3.7.2024

இளவரசி,

படுத்தபடி எழுதுகிறேன். நீ வந்து போன அந்த வாரக் கடைசியில் எனக்கு ரத்த வாந்தி வந்தது. ஷெட்டிலேயே விழுந்துவிட்டேன். விருத்தாசலம்தான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தான். "உன் தங்கச்சிக்குப் போன் போடட்டா?" என்றான். வேண்டாம் என்றேன். தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே வெடித்த நரம்பைக் கட்டியிருக்கிறார்கள். வயிற்றில் தண்ணீர் கோத்திருக்கிறது. ஊசி வைத்து எடுத்தார்கள்.

உண்மை என்று கேட்டாய்.

அன்றைக்கு அந்த அம்மா உன் பெயரைச் சொன்னது நிஜம். எழும்போது தடுமாறினதும் நிஜம். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டமங்கலம் தாண்டுவதற்குள் உன் நினைப்பு போய்விட்டது. பாரில் உட்கார்ந்தபோது நீ இல்லை, டாக்டர் இல்லை, ஈரல் இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் என் கண்ணின் மஞ்சளைத்தான் பார்க்கிறார்கள். ஷெட்டில் பையன்கள் சாமானைக்கூடத் தூக்க விடுவதில்லை. அங்கே மட்டும்தான் விருத்தாசலம் என் முகத்தைப் பார்த்துத் திட்டினான். ஒரு சாயங்காலம் முழுக்க நான் நோயாளி இல்லை. அதற்காகத்தான் குடித்தேன். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, இது வினை என்று. இரண்டாவது வாயில் அதுவும் போய்விட்டது.

உனக்காகக் குடித்தேன் என்பது மறுநாள் காலையில் விழித்தபோது கிடைத்த காரணம். கிடைத்ததும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நல்ல சட்டை போல எடுத்து மாட்டிக்கொண்டேன்.

புதுச்சேரிக்கும் சொல்லிவிட்டேன், ஒளிக்கவில்லை. முதலிலிருந்து ஆறு மாதம் என்றார்கள். அதுவரை தாங்குமா என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

நீ செய்ய நினைத்ததே எனக்குப் போதும். விட்டுவிடு.

ஜெகதீசன்


திண்டிவனம்
10.7.2024

அண்ணனுக்கு,

விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது கலைப்பிரியா கேட்டாள். "ஏம்மா, ஆபரேஷனுக்கப்பறம் மாமா குடிச்சாருன்னா, உன்னோடதுலதானே ஊத்துவாரு?" குழந்தைத்தனமான கேள்வி இல்லை, நன்றாக யோசித்துக் கேட்டாள். அவர் அன்றைக்குத்தான் முதல் முறையாக வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். பிசைந்த கை அப்படியே நின்றது. நான் ரசத்தை எடுக்க எழுந்து போனேன். அடுக்களையில் கொஞ்ச நேரம் நின்றேன். ரசம் மேசையில்தான் இருந்தது.

மறுநாள் புதுச்சேரிக்குப் போன் செய்து நான் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்கவில்லை. "அது உங்க உரிமைம்மா, எப்ப வேணா மாத்திக்கலாம்" என்றார் அந்த அம்மா. போனை வைத்ததும் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்த லேசுக்காக நான் என்னைச் சபித்துக்கொண்டேன்.

அவர் கட்டாயப்படுத்தவில்லை. அதை எழுதத்தான் வேண்டும். நானேதான் முடிவு செய்தேன். உன்னைக் கொன்றுவிட்டேன் என்று தோன்றுகிறது. மார்க்கெட்டுக்குப் போய்க் கத்திரிக்காய் பொறுக்கும்போதுகூடத் தோன்றுகிறது. ஆனால் உன் வார்த்தையை நம்பி என் வயிற்றைக் கிழிக்க என்னால் முடியவில்லை. உன் கடிதம் உண்மையாக இருந்தது, அதற்கு நன்றி. அந்த உண்மையைப் படித்த பிறகுதான் என்னால் முடியவில்லை.

சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்? உப்பில்லாமல் சாப்பிடு. அவர் வெள்ளிக்கிழமை விழுப்புரம் வருகிறார், கேப்பை மாவு கொடுத்தனுப்புகிறேன்.

இளவரசி


விழுப்புரம்
12.7.2024

அன்புள்ள இளவரசிக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை வந்திருந்தார். மாவைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது குழாயடியில் குடத்தை நிரப்பி உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

நீ எடுத்தது சரியான முடிவு. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கலைப்பிரியா கெட்டிக்காரி. என்னைப் பற்றிக் கவலைப்படாதே. பண்ருட்டியில் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வருவதும் வராததும் அவன் விருப்பம். நான் எதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன். உன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நீ நன்றாக இரு.

இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டேன். இது மறுநாள் காலை. மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், அதையும் படி. நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியட்டும்.

காலையில் பல் துலக்கக் குனிந்தேன். வயிறு முட்டிக்கொண்டு குனிய முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் அப்பா கடைசியில் இருந்த முகம். அப்போது வந்தது, இளவரசி. இவ்வளவு நாளாக டாக்டர் சொன்னபோது வரவில்லை, ரத்தம் கக்கினபோது வரவில்லை. இப்போது வந்தது. உட்கார்ந்துவிட்டேன். நான் செத்துப்போகப் போகிறேன். எனக்குச் சாக வேண்டாம்.

தயாராக இருக்கிறேன் என்று எழுதினேனே, அது பொய். விட்டுவிடு என்று எழுதினதெல்லாம் பொய். விட்டுவிடு என்று சொன்னால் நீ விட மாட்டாய் என்று உள்ளே ஒருவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நீ நிஜமாகவே விட்டதும்தான் அவன் அலறுகிறான்.

நான் உன்னிடம் இதுவரை கேட்கவேயில்லை. நீயாகக் கொடுக்க வந்தாய், நான் பெரிய மனுஷனாக வேண்டாம் என்றேன். இப்போது கேட்கிறேன். உன் ஈரலில் எனக்கு ஒரு துண்டு கொடு. உனக்கு மகள் இருக்கிறாள், தெரியும். வலிக்கும், தெரியும். மேசையில் உனக்கே ஏதாவது ஆகலாம், அதுவும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். இதைவிட வெட்கங்கெட்ட வேலையை நான் குடியில்கூடச் செய்ததில்லை.

திரும்பக் குடிக்க மாட்டேன் என்று எழுத மாட்டேன். அதை எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இன்றைக்குக் குடிக்கவில்லை. நேற்றும் குடிக்கவில்லை. சவுரிராயன் பாருக்குப் போக இன்றைக்கும் ஆசையாக இருந்தது. போகவில்லை. இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

நீ முடியாது என்றால் நான் கோபப்பட மாட்டேன் என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. படுவேனோ என்னவோ. கொடு, இளவரசி. நான் இருக்க வேண்டும்.

ஜெகதீசன்


திண்டிவனம்
17.7.2024

அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஷெட்டுச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் புறப்படு. ஸ்டேஷன் வழியாக வராதே, புது பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடி. மாத்திரையையும் பழைய ஸ்கேனையும் எடுத்துக்கொள். திண்டிவனத்தில் அவர் வந்து நிற்பார்.

உன் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்து முடித்து அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு மாடி அறையில் அடுக்கியிருந்த மல்லாட்டை மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கட்டில் போட இடம் வந்துவிட்டது. சரி என்றோ வேண்டாம் என்றோ இதுவரை சொல்லவில்லை. கலைப்பிரியா உன்னிடம் பேச மாட்டாள். பேச வைக்க முயற்சி பண்ணாதே.

நேற்று புதுச்சேரிக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். ஆறு மாதம் முடியும்வரை உன் உடம்பு தாங்குமா என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். இடையில் நீ தொட்டால் எல்லாம் முடிந்தது, அப்போது என்னிடம் எதையும் கேட்காதே. தொடாமல் இருந்தும் உடம்பு போய்விடலாம். எல்லாம் சரியாக நடந்தும் மேசையில் போய்விடலாம், நீயோ நானோ. டாக்டர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நானும் ஒன்றையும் மறைக்காமல் உனக்கு எழுதுகிறேன்.

கடைசியில் அவர் பேனாவை வைத்துவிட்டு, "போன வாரம்தான் முடியாதுன்னு போன் பண்ணீங்க. இன்னிக்கு வந்து நிக்கறீங்க. யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"பயம் போயிடுச்சா?"

"போகலீங்க. முன்னைவிட ஜாஸ்தியாத்தான் இருக்குது."

"பின்ன ஏம்மா?"

எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன். நீ திருந்துவாய் என்று சொல்ல முடியவில்லை. பாசம் என்று சொல்ல வாய் கூசியது.

"எங்கண்ணன் கேட்டுட்டாருங்க" என்றேன்.

இளவரசி